முன்சக்கர பேரிங் மாற்றுவது: பாதி வேலை வீட்டில், பாதி வேலை பட்டறையில்

தக்கலையிலிருந்து குலசேகரத்துக்குப் போகும் வழியில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தேன். வேகம் ஐம்பதைத் தாண்டினால் ‘ஊம்’ என்று எழும், குறைத்தால் அடங்கும். டயர் தேய்ந்திருக்கும் என்று ஒரு மாதம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேய்ந்தது டயரல்ல, பேரிங்: சக்கரம் லேசாகச் சுழல உதவும், குண்டுகள் அடங்கிய பாகம்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறும்போது டயரின் சத்தம் மாறும். பேரிங் இரைச்சல் மாறாது. ஆளில்லாத நேரான சாலையில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். இன்ஜின் வேகம் இறங்கிய பின்னும் இரைச்சல் தொடர்ந்தால் குற்றவாளி சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. இடப்புறம் மெதுவாக வளைத்தால் பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். இந்தச் சோதனைக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் போக வேண்டாம். காற்றாலைகளைச் சுழற்றும் காற்றின் இரைச்சலில் உங்கள் காரின் சத்தம் காதில் விழாது.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கையோ கீழ் பால் ஜாயிண்டையோ (சக்கரப் பகுதியைக் கீழே தாங்கும் உருண்டை மூட்டு) சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையைப் பாருங்கள். எனக்குப் பிடித்த சோதனை வேறு: ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றுவது. கெட்ட பேரிங் என்றால் அரிசியில் கல் அரைபடுவதுபோல ஒரு நரநரப்பு விரலுக்குத் தெரியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. குழியில் விழும் அடி ஒருபுறம். தேங்கிய நீர் மறுபுறம். சீல் விட்டுப்போனால் நீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுக்கிறது. குண்டுகள் ஓடும் பாதை துருப்பிடித்துப் பொரிகிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: முந்தின இரவே எல்லா போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள்.

கழற்றுதல்

நான் சொல்லப்போவது, பேரிங்கை நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) அழுத்திப் பொருத்தும் வகையைப் பற்றி. சில கார்களில் ஹப்பும் (சக்கரம் பூட்டப்படும் மையப் பகுதி) பேரிங்கும் ஒரே துண்டாக போல்ட்டில் நிற்கும். அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு வேலை பாதிதான். புதிய பேரிங், புதிய சர்க்லிப் (பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையம்), புதிய ஆக்ஸில் நட் (சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய நட்) மூன்றும் கையில் வந்த பிறகு தொடங்குங்கள். பழைய பேரிங் கழற்றும்போதே பிய்ந்துவிடும். திரும்பப் போட முடியாது.

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்ஸில் நட்டின் நசுக்கிய விளிம்பை நிமிர்த்தி, கால் சுற்று இளக்குங்கள். பல சிறிய கார்களுக்கு 30 அல்லது 32 மில்லிமீட்டர் சாக்கெட் தேவைப்படும். இளக்கிய பின் காரை உருட்டக் கூடாது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. அவை சொல்லாமல் உடையும்.

சக்கரத்தை எடுத்ததும் காலிபரை (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பாகம்) கழற்றி, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். பிரேக்கையும் யாரும் மிதிக்கக் கூடாது. டிஸ்க், ஏபிஎஸ் சென்சார் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக்குச் சக்கர வேகத்தைச் சொல்வது), டை ராடு முனை, கீழ் பால் ஜாயிண்ட் என்று வரிசையாக எடுங்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) போல்ட்டுகளைக் கழற்றும் முன் அவை நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவ் ஷாஃப்டை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளிப்பக்கம் இழுத்தால் உள் ஜாயிண்ட் கழன்று வரலாம். அதையும் கட்டி வையுங்கள்.

அழுத்துதல்

முதன்முறை இங்கேதான் நான் கெடுத்தேன். வீட்டுப் பலாமரத்தடியில் மரக்கட்டையும் சுத்தியலுமாகப் புது பேரிங்கை அடித்து இறக்கினேன். அழகாக உட்கார்ந்தது. இரண்டு மாதத்தில் அதே ‘ஊம்’.

இரண்டாம் முறை நக்கிளைச் சாக்கில் சுற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் பழைய பேரிங்கைக் கையில் வாங்கி, “தம்பி, இதில் வளையம் இரண்டு. நீ எதைத் தள்ளினாய்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் தள்ள வேண்டும். உள் வளையத்தைத் தள்ளினால் அத்தனை விசையும் குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்கு எட்டாத பள்ளம் விழும். அடுத்து பேரிங்குக்குள் ஹப்பை இறக்கும்போது, உள் வளையத்துக்கு அடியில் ஒரு குழாய்த்துண்டை முட்டுக் கொடுக்க வேண்டும். நக்கிளை முட்டுக் கொடுத்துவிட்டு ஹப்பை அழுத்தினால் பழைய கதைதான். பிரஸ் போடுபவர் அவசரக்காரராக இருந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பழைய ஹப்பை வெளியே தள்ளும்போது உள் வளையத்தின் ஒரு பாதி அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புல்லரால் (இழுத்துக் கழற்றும் கருவி) எடுப்பது நல்லது. கிரைண்டரால் வெட்டினால் ஹப்பில் கீறல் விழும். ஹப்பின் தண்டு தேய்ந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். நக்கிளின் துளையில் துரு போகத் தேய்த்துத் துடைத்த பிறகே புதியது இறங்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அந்த முகம் சென்சாரைப் பார்த்து நிற்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேரும். பேரிங் இறங்கியதும் சர்க்லிப், அதன் பிறகு ஹப்.

திரும்பப் பொருத்துதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஆக்ஸில் நட்டுக்கு மட்டும் அவசரம் கூடாது. காலிபரைப் பூட்டிப் பிரேக்கைச் சில முறை மிதித்துக் கெட்டியாக்கி, ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். அளவு காருக்குக் கார் மாறும். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு, ‘கைக்குத் தெரியும்’ என்பவரை நம்ப வேண்டாம். முறுக்கியதும் நட்டின் விளிம்பைக் காடியில் நசுக்கிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் பாரம் சக்கரத்தில் இறங்க வேண்டும்.

ஸ்ட்ரட் போல்ட்டைத் தொட்டுவிட்டதால் வீல் அலைன்மெண்ட் பார்ப்பது கட்டாயம். நாகர்கோவிலில் அதை முடித்துக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். பின்சீட்டில் தண்ணீர்ப் பாட்டில் உருளும் சத்தம் தக்கலை வரை கேட்டது.