கம்பம் சந்தை, திராட்சைத் தோட்டம், குமுளிக் கடைவீதி: ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் கம்பமும், மலையேறியதும் கேரள எல்லையில் குமுளியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம்தான். முதன்முறை வருபவர்களில் பலர் தேக்கடிப் படகுச் சவாரிக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு தோட்டத்தில் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு, சொன்ன விலைக்கு ஒரு பெட்டிப் பழம் வாங்கிச் சென்றுவிடுகிறார்கள். காலையில் விலையை அறிந்து, பிறகு பழத்தைச் செடியில் பார்த்து, வாங்குவதை மாலைக்குத் தள்ளிவைப்பதே சரியான வரிசை.

முதல் படி: சந்தை

முந்தைய இரவே கம்பத்தில் தங்கிவிடுங்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் உழவர் சந்தைக்குப் போய்விட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு போனால் நல்ல காய்கள் தீர்ந்திருக்கும். உழவர் சந்தைத் திட்டம் 1999இல் மதுரையில் தொடங்கியது. விளைவித்தவரே நேரடியாக விற்பதும், அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பதும் அதன் அடிப்படை. அந்தப் பலகையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் பேரம் பேச அதுவே போதும். அந்த நேரத்தில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக மலையேறும் ஜீப்புகளையும் காணலாம். இந்த ஊரின் பிழைப்பில் பாதி மலைமேல் இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

இரண்டாம் படி: தோட்டம்

காலை எட்டு மணிக்குள் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் ஆகிய ஊர்களில் ஒன்றுக்குச் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் அறுவடை நடக்கும் என்பதால் இந்த நேரத்தைத் தவறவிட வேண்டாம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய பந்தலுக்கு அடியில் குனிந்தபடிதான் நடக்க வேண்டியிருக்கும். பெண்கள் குலையின் காம்பைக் கத்தரியால் வெட்டி, உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, வெடித்த பழத்தையும் பிஞ்சையும் கிள்ளியெறிந்த பிறகே பெட்டியில் அடுக்குகிறார்கள்.

இங்கு விளைவதில் பெரும்பகுதி பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த வகை கருநீலமானது, விதை உள்ளது, வாசம் மிகுந்தது. 2023இல் இது புவிசார் குறியீடு பெற்றது. கவாத்து செய்த, அதாவது பழைய கிளைகளை வெட்டிவிட்ட, ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் அறுவடைக்கு வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துத் தேதி மாறுவதால், ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆனாலும் ஐப்பசி மழையில் பழம் வெடித்துச் சுவை குறைந்துவிடும் என்பதால் அந்த மாதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் பழம் ஒயினுக்கும் போகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டிலேயே ஒயின் போடும் கேரளக் குடும்பங்கள் பல உண்டு. எனினும் நீங்கள் இங்கு பார்க்க வேண்டியது பந்தலைத்தான்.

"அண்ணே, உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் பறிப்பது மரியாதையல்ல, பாதுகாப்பும் அல்ல. மருந்து தெளித்த பந்தலாக இருக்கலாம். நல்ல குலையை அடையாளம் காணவும் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள்: காம்பு பச்சையாகவும், பழத்தோலின் மேல் வெண்சாம்பல் பூச்சு கலையாமலும் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: மலைப்பாதை

கூடலூரைக் கடந்து லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தில் சற்று நேரம் நில்லுங்கள். 1895இல் அவர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் காலையில் பார்த்த பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. அங்கிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் குமுளி. சபரிமலைக் காலத்தில் இந்தப் பாதையை ஒருவழியாக்குவதுண்டு. கார்த்திகை, மார்கழியில் வருபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: குமுளிக் கடைவீதி

சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏலக்காய் வாசம் வந்துவிடும். கடைக்காரர்களுடன் தமிழிலேயே பேசலாம். முதல் கடையில் வாங்காதீர்கள். நான்கைந்து கடைகளில் விலை கேளுங்கள். ஏலக்காயை மில்லிமீட்டர் கணக்கில் பிரிக்கிறார்கள். பருமன் கூடக் கூட விலையும் கூடும். வீட்டுச் சமையலுக்கு எட்டு மில்லிக் காய் வீண் செலவு என்பது என் கருத்து, ஏனென்றால் வாசம் விதையில்தான் இருக்கிறது. ஒரு காயைப் பிளந்து, விதை கருத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறிப் பச்சையாகத் தெரிந்தால் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். மிளகில் கனம்தான் தரம். கைப்பிடி மிளகு லேசாக இருந்தால் உள்ளே சாரமில்லை.

ஐந்தாம் படி: திரும்பும்போது திராட்சை

மாலை நான்கு மணிக்குக் கீழே இறங்குங்கள். காலையிலேயே வாங்கியிருந்தால் வளைவுகளிலும் வெயிலிலும் பழம் நசுங்கியிருக்கும். கூடலூருக்கும் கம்பத்துக்கும் இடையே சாலையோரக் கடைகளில், பலகை விலையை நினைவில் வைத்துக் கேளுங்கள். பெட்டியின் மேலடுக்கை மட்டும் பார்க்காமல் அடியிலுள்ள குலை ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மொத்தமாகக் கழுவிவைத்தால் ஈரத்தில் அழுகிவிடும். உண்ணப்போகும் குலையை மட்டும் உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து அலசிக்கொள்ளுங்கள்.