பழைய அம்பாசடர்: எது கம்பெனி பார்ட், எது பின்னால் மாட்டியது?

மார்க் 1, மார்க் 2 அம்பாசடர் கைக்கு வந்ததும் முதலில் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்டும் குரோமும் ஏமாற்றும், போல்ட் ஏமாற்றாது. 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின் முழுக்க அங்குலக் கணக்கு. அரை அங்குல ஸ்பானர் கச்சிதமாக உட்காரும் இடத்தில் 13 நம்பர் (மி.மீ.) ஸ்பானர் லேசாக ஆடும். 7/16 தலையில் 11 நம்பர் எளிதில் ஏறாது. பழைய போல்ட்டின் தலை நடுவில் வட்டமான குழி இருக்கும், இல்லையென்றால் தலையின் பக்கத்தில் சங்கிலி மாதிரி ஒட்டிய வட்டங்கள் இருக்கும். தலையில் 8.8 என்று அடித்திருந்தால் அது மெட்ரிக் (மி.மீ. கணக்கு), பின்னால் வந்தது. அந்த போல்ட் பிடித்திருக்கும் பாகமும் ஒரு தடவையாவது கழன்றிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. 5/16 அங்குலத் துளையின் விட்டம் 7.94 மி.மீ. அதனால் 8 மி.மீ. போல்ட் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். அங்கேயே ஸ்பானரில் பலம் போட்டு இறுக்கியிருந்தால் புரி போயிருக்கும். துளையைப் பெரிதாக்கிவிடாமல் 5/16 யுஎன்எஃப் (அங்குல நெருக்கப் புரி) டேப், அதாவது புரி வெட்டும் கருவி, விட்டுச் சுத்தம் செய்து பாருங்கள். தேறவில்லை என்றால் லேத்தில் கொடுத்து அதே அளவில் ஹெலிகாயில் (புரிக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள்.

அடுத்தது நம்பர். 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. இன்ஜின் மாற்றிய வண்டி இங்கேதான் சிக்கும். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் எமரி தாள், கிரைண்டர் எதுவும் படக் கூடாது. பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரில் துடைத்து, மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோணலும் தாளில் தெரியும். எழுத்துகளின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறினால், சுற்றிலும் அரம் போட்ட கோடு தெரிந்தால், அந்த நம்பரை ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் வண்டிக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆண்டுக்குப் பொருந்தாத பாகத்தைப் பிடிப்பது சுலபம். 1476 சிசி சைடு வால்வு இன்ஜின் 1959இல் நின்று 1489 ஓவர்ஹெட் வால்வு வந்தது. கட்டம் கட்டமான கிரில் 1963இன் மார்க் 2. மார்க் 3 வந்தது 1975இல், மார்க் 4 1979இல். முன்பக்கம் அடிபட்ட மார்க் 2க்கு மார்க் 4 மூக்கை வைத்து அனுப்பியது அந்தக் காலத்தில் சகஜம், ஏனென்றால் கடையில் கிடைத்தது அதுதான். கீழே 1817 சிசி இசுசு இன்ஜின் உட்கார்ந்திருந்தால் அது 90களில் வந்த சரக்கு. ஓட்ட அருமையாக இருக்கும், ஒரிஜினல் என்று சொல்ல முடியாது.

தகட்டில் ஸ்பாட் வெல்டைத் தேடுங்கள். கம்பெனியில் ஒட்டிய விளிம்பில் சட்டைப் பொத்தான் பாதி அளவுக்கு வட்டப் பள்ளங்கள் சீரான இடைவெளியில் வரிசையாகப் போகும். அந்த வரிசை நடுவில் நின்று கேஸ் வெல்டிங் மேடு தொடங்கினால், அங்கே தகடு மாற்றியிருக்கிறார்கள். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி மட்கார்டு, கதவின் கீழ் விளிம்பு, டிக்கி தரை எல்லாம் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. புதுச்சேரி, கடலூர் உப்புக் காற்றில் நின்ற வண்டிக்குக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு உள்ளேயிருந்துதான் அரிக்கும். வெளியே பளபளப்பு, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் உள்ளே போகும்.

வயரிங் ஒரு தனிப் புத்தகம். பிரிட்டிஷ் கம்பெனி லூகாஸின் வயர் நிற முறையில் பழுப்பு பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயர், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழியாக இக்னிஷனில் ஓடுவது, சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பழைய ஹார்னஸில் (வயர் கட்டில்) ரப்பர் மேல் நூல் பின்னல் இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் எல்லாமே சிவப்பும் கறுப்புமாக, கருப்பு டேப் சுற்றிக் கிடந்தால் எலக்ட்ரீஷியன் தன் வசதிக்குப் போட்டது. டைனமோவிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் லூகாஸ்-டிவிஎஸ் என்று இருந்தால் அது 1961க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, ஏனென்றால் அந்தக் கம்பெனி தொடங்கியதே அப்போதுதான்.

பம்பர், கைப்பிடிக்கு ஒரே வார்த்தை: கனம். பழைய பம்பரில் செம்பு, நிக்கல், அதன் மேல் குரோம் என்று முலாம் ஏறியிருக்கும். சுரண்டு விழுந்த இடத்தில் செம்பின் சிவப்பு எட்டிப் பார்த்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், மறுமுலாம் ஏற்றலாம். டூப்ளிகேட்டில் குரோம் நேராக இரும்பில் இருக்கும்; கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலம் தாங்காது, புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும்.

பழைய ஸ்டாக் என்று அட்டைப் பெட்டியோடு விற்பவர்களிடம், சென்னை புதுப்பேட்டையோ புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையோ, பெட்டியைப் படித்துவிட்டுப் பேசுங்கள். ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972இல். முகவரியில் அது இருந்தால் '60களில் வந்த சரக்கு' என்ற பேச்சே இல்லை. ஆங்கிலத்தில் சென்னை என்று இருந்தால் 1996க்குப் பின். பாண்டிச்சேரிக் கடை முத்திரையில் ஆங்கிலத்தில் புதுச்சேரி என்று இருந்தால் 2006க்குப் பின். அதிகபட்ச விலையை வரியோடு சேர்த்து அச்சடித்திருந்தால் அதுவும் 90க்குப் பிந்தியது. ஸ்பார்க் பிளக்கில் மைக்கோ என்று இருப்பது பழசு. 2008இல் கம்பெனி பெயர் பாஷ் ஆனது. பெட்டி பழசாக இருந்து உள்ளே புது எண்ணெய்த் தாளில் சுற்றிய பாகம் இருந்தால், பெட்டிக்கு மட்டும்தான் வயசு.

ஒரிஜினல் ஆசையை இங்கே விட்டுவிடுங்கள்: டயர், பிரேக் ஹோஸ், பிரேக்கின் வீல் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் ஹோஸ். ரப்பர் அலமாரியில் கிடந்தாலும் கெட்டுப்போகும். வீல் சிலிண்டர் உடலை வைத்துக்கொண்டு உள்ளே ரப்பர் கிட் புதிதாகப் போடுங்கள். உட்சுவரில் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் ஸ்லீவ் (உள்ளே இறுக்கிச் செருகும் குழாய்) போட வேண்டும், அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை எடைக்குப் போடாமல், இடது முன், வலது பின் என்று சீட்டு கட்டி ஒரு சாக்கில் வையுங்கள். புது டூப்ளிகேட் பொருந்தாதபோது அளவு எடுக்க அதுதான் மிச்சம் இருக்கும்.