வீட்டில் ஒரு பக்கம், கடையில் ஒன்றேகால் பக்கம்: ஃபைலை எந்த வகையில் சேவ் செய்வது?

அக்கா மகனுக்கு ஒரு பயோடேட்டா அடித்துக் கொடுத்தேன். வீட்டில் இருந்த பழைய கணினி, அதில் வேர்டு 2010, லதா எழுத்துரு. கச்சிதமாக ஒரே பக்கம். பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அங்கே திறந்தால் ஒன்றேகால் பக்கம். தேதியும் கையெழுத்துப் போடும் கோடும் மட்டும் இரண்டாம் பக்கத்தின் உச்சியில் தனியாக நின்றன. "பிடிஎஃப்பா கொண்டு வந்திருக்கலாம்லண்ணே" என்றார் கடைத் தம்பி.

அவர் சொன்னது சரிதான். விண்டோஸ் 7-இல் லதா எழுத்துரு தானாகவே இருக்கும். விண்டோஸ் 10-இல் அது கூடுதல் எழுத்துருக்களின் பட்டியலுக்குப் போய்விட்டது; நாமாகச் சேர்த்தால்தான் வரும். கடைக் கணினியில் யாரும் சேர்த்திருக்கவில்லை. வேர்டு வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டது, அதன் அகலம் வேறு, வரிகள் இடம் மாறிவிட்டன. ஃபைலில் எந்தத் தப்பும் இல்லை. நான் கொண்டுபோன வகைதான் தப்பு.

அதனால் சேவ் செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி: இதைப் பெறுபவர் திருத்தப் போகிறாரா, படிக்க மட்டும் போகிறாரா? திருத்துவார் என்றால் டாக்எக்ஸ் (வேர்டின் வகை) அல்லது ஓடிடி (லிப்ரெஆபீஸின் வகை). படிப்பார், அச்சடிப்பார், எங்காவது பதிவேற்றுவார் என்றால் பிடிஎஃப். மீதி எல்லாம் இதற்குக் கிளைக்கதைகள்.

முதலில் வாலைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்

ஃபைல் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி, அதன் பின்னால் மூன்று நான்கு எழுத்து. அதைத்தான் வால் என்கிறேன். விண்டோஸ் இதை வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் 'வியூ' பட்டையிலேயே அந்தப் பெட்டி இருக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வரும் வில்லங்க ஃபைல் (இஎக்ஸ்இ என்றால் சொடுக்கியதும் ஓடும் நிரல்), வால் மறைந்திருந்தால் 'பில்.பிடிஎஃப்' என்று சாதுவாகத் தெரியும். வால் தெரிந்தால் மாட்டிக்கொள்ளும்.

வால் தெரிந்ததும் பலர் செய்யும் காரியம், பெயரை மாற்றுவதுபோல வாலை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று அடிப்பது. அதனால் ஃபைல் மாறாது. உப்பு டப்பாவில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டிய கதைதான். வகையை மாற்ற வேண்டும் என்றால், எழுதிய மென்பொருளில் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்தாக வேண்டும்.

வேர்டில் சேவ் செய்வது

எஃப் 12 விசையைத் தட்டுங்கள், 'சேவ் ஆஸ்' பெட்டி நேராக வந்து நிற்கும். மடிக்கணினியில் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். முதலில் எந்த ஃபோல்டர் என்று பாருங்கள். பெயர் கொடுங்கள். அதற்குக் கீழே 'சேவ் ஆஸ் டைப்' என்று ஒரு பட்டியல். அதைச் சொடுக்கினால் நீளமாக இறங்கும். மிரள வேண்டாம், நமக்கு வேண்டியவை மூன்று நான்குதான்.

'வேர்டு டாக்குமென்ட்' என்று முதலில் இருப்பது டாக்எக்ஸ். வேர்டு 2007-இல் இருந்து வழக்கமான வகை இதுதான். வேலை நடக்கிற ஃபைலை இதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'வேர்டு 97-2003 டாக்குமென்ட்' என்பது பழைய டாக். எதிர்முனையில் யாராவது வற்புறுத்திக் கேட்டால் தவிர இதன் பக்கம் போகாதீர்கள். சமன்பாடுகளைக் கூட இது படமாக மாற்றிவிடும், அப்புறம் திருத்த முடியாது. பழைய டாக் ஃபைல் ஒன்று கையில் இருந்தால், திறந்து 'ஃபைல்', 'இன்ஃபோ' போய் 'கன்வெர்ட்' கொடுத்துப் புது வகைக்கு ஏற்றிவிடலாம்.

டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை, அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ஃபைலை நகலெடுத்து (நகலைத்தான், அசலை அல்ல) வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'வேர்டு' என்று ஒரு ஃபோல்டர், அதில் நீங்கள் எழுதியதெல்லாம் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைலாக இருக்கும். பக்கத்திலேயே 'மீடியா' ஃபோல்டரில் நீங்கள் ஒட்டிய படங்கள் வரிசையாக இருக்கும். யாராவது படங்களை வேர்டில் ஒட்டி அனுப்பி நம் உயிரை வாங்கினால், அவற்றை மொத்தமாக வெளியே எடுக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்.

லிப்ரெஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு

காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள் என்பதால் வீட்டில் பலர் இதைத்தான் வைத்திருப்பார்கள். இதன் சொந்த வகை ஓடிடி. யாரோ வீட்டில் செய்த வகை என்று நினைத்துவிட வேண்டாம். ஓடிடி சேர்ந்திருக்கும் ஓடிஎஃப் குடும்பம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரம் பெற்றது. மைக்ரோசாஃப்டின் டாக்எக்ஸ் குடும்பத்துக்கு அது 2008-இல்தான் கிடைத்தது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'சேவ் ஆஸ்' வரும். உங்களுக்குள்ளேயே புழங்கும் ஃபைல் என்றால் ஓடிடி போதும். வேர்டு வைத்திருப்பவருக்கு அனுப்ப வேண்டும் என்றால் பட்டியலில் டாக்எக்ஸ் உள்ள 'வேர்டு' வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஒரு சின்ன பெட்டி வந்து, வேர்டு வகையிலேயே வைக்கவா, ஓடிஎஃப்புக்கு மாற்றவா என்று கேட்கும். புதியவர்கள் இங்கேதான் பதறி, மாற்று என்று அழுத்திவிடுகிறார்கள். வேர்டு வகையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

எப்போதும் டாக்எக்ஸ்தான் வேண்டும் என்றால் 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லோட் சேவ்', 'ஜெனரல்' போய் 'ஆல்வேஸ் சேவ் ஆஸ்' என்பதில் ஒரு தடவை மாற்றிவிடலாம். ஆனால் ஒரே ஃபைலை ஓடிடி, டாக்எக்ஸ் என்று மாற்றி மாற்றி சேவ் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அட்டவணையின் கோடோ படத்தின் இடமோ கொஞ்சம் நகரும்.

வெறும் எழுத்து போதும் என்றால்: தமிழ் தொலைகிற இடம்

வேர்டில் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' என்று சேவ் செய்தால் டிஎக்ஸ்டி ஃபைல் கிடைக்கும். எழுத்து மட்டும் மிஞ்சும். தடிப்பு, அட்டவணை, படம் எல்லாம் போய்விடும். சேவ் கொடுத்ததும் ஒரு பெட்டி வரும். அதில் 'விண்டோஸ் டிஃபால்ட்' தேர்வாகி இருந்தால், கீழே உங்கள் தமிழ் எழுத்துகள் சிவப்பில் தெரியும். அந்தச் சிவப்பு ஓர் எச்சரிக்கை: இவை சேவ் ஆகாது. அதைக் கவனிக்காமல் சரி கொடுத்தால், அடுத்த முறை திறக்கும்போது 'வணக்கம்' இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசை கட்டி நிற்கும். அவற்றைத் திரும்பத் தமிழாக்க வழியே இல்லை, எழுத்து உண்மையிலேயே அழிந்துவிட்டது.

தப்பிக்க, அதே பெட்டியில் 'அதர் என்கோடிங்' சொடுக்கி 'யூனிகோட் (யூடிஎஃப்-8)' தேர்ந்தெடுங்கள்; தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கத் தெரிந்த முறை இது. சிவப்பு மறைந்துவிடும். நோட்பேட் 2019 முதல் தானாகவே யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்கிறது. அதைவிடப் பழையதில் 'என்கோடிங்' பெட்டியில் நீங்களே மாற்ற வேண்டும்.

ஆர்டிஎஃப் என்று ஒன்று பட்டியலில் கிடக்கும். 1987-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 'அ' என்று நீங்கள் அடித்ததை அது உள்ளே 2949 என்ற எண்ணாக எழுதி வைக்கும். திறக்கத் திறக்கும், ஆனால் இன்றைக்கு அவசியம் இல்லை. இதைத் திறக்கிற வேர்ட்பேடையே விண்டோஸ் 11-இன் 2024 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

பிடிஎஃப்

வேர்டில் அதே எஃப் 12, பட்டியலில் 'பிடிஎஃப்', 'ஸ்டாண்டர்ட்' என்பது தேர்வாகியிருக்கட்டும், சேவ். விண்ணப்பத் தளம் இத்தனை கேபிக்குள் என்று கறார் பேசினால் மட்டும் 'மினிமம் சைஸ்' போடுங்கள். லிப்ரெஆபீஸில் 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட் ஆஸ்', 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்'.

பிடிஎஃப் எழுத்துருவையும் கூடவே கட்டி எடுத்துப் போகும். அதனால்தான் எந்தக் கடையில் திறந்தாலும் கையெழுத்துக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். பாமினி இல்லாத கணினியில் டாக்எக்ஸாகத் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் பல்லைக் காட்டும். பிடிஎஃப்பில் தமிழாகவே தெரியும். புதிதாக அடிக்கிறவர்கள் யூனிகோடிலேயே அடியுங்கள்.

பிடிஎஃப் எடுத்த கையோடு டாக்எக்ஸை அழித்துவிடாதீர்கள். பிடிஎஃப்பில் இருந்து தமிழை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 'கொடு' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து கிடக்கும். பார்வைக்குத்தான் பிடிஎஃப், திருத்தத்துக்கு அசல் வேண்டும். நான் ஒரே பெயரில் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைக்கிறேன். லிப்ரெஆபீஸில் இதற்கு ஓர் அழகான வசதி உண்டு: பிடிஎஃப் எடுக்கும் பெட்டியில் 'ஹைபிரிட் பிடிஎஃப்' என்பதை டிக் செய்தால், அசல் ஃபைல் பிடிஎஃப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மற்றவருக்கு அது பிடிஎஃப், லிப்ரெஆபீஸில் திறந்தால் திருத்தலாம்.

கைப்பேசியில் கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியாக டாக்எக்ஸோ பிடிஎஃப்போ எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பும் முன் அந்த பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே டாக்குமென்டாக ஒரு தடவை அனுப்பி, கைப்பேசியில் திறங்கள். முதல் பக்கத்தை விடுங்கள், நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் கையெழுத்துக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.