பைத்தான் மூலநிரலில் கைவைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சனிக்கிழமை பின்னேரம் திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் ஐந்து பிள்ளைகள் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பைத்தான் மொழியை இயக்குகிற சி மூலநிரலை வாசிக்கப் பழகுகிறோம். மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி திரையை என் பக்கம் திருப்பினாள். “அண்ணா, இரண்டு வரி சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன். இப்போது கொஞ்சம் வேகமாக ஓடுகிறது.”

அவள் எடுத்த வரிகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வகையான இரண்டு வரிகளை நானும் ஒருகாலத்தில் எடுத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அரைப்புள்ளியை மறப்பது, கம்பைல் செய்து (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றி) பார்க்காமல் அனுப்புவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை இயந்திரமே சொல்லித் தரும்.

புதிய சொல்லோடு தொடங்குவது

மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்தவுடன் எல்லோருக்கும் வரும் ஆசை, மொழிக்குள் தன் பங்காக ஒரு புதிய ஒதுக்குச்சொல்லை, அதாவது மொழி தனக்கென்று வைத்துக்கொள்ளும் சொல்லை, சேர்ப்பது. பழகுவதற்குச் செய்யுங்கள், அருமையான பயிற்சி. ஆனால் அதை மேம்பாடு என்று பைத்தான் குழுவுக்கு அனுப்பாதீர்கள். 2018இல் வந்த 3.7 பதிப்பில் ‘அசிங்க்’ (async) முழுமையான ஒதுக்குச்சொல் ஆனது. அந்தப் பெயரை அளவுருவாக வைத்திருந்த நூலகங்கள் அந்தப் பதிப்பில் ஓட மறுத்தன. முன்கூட்டியே அறிவித்து, பதிப்புப் பதிப்பாகக் காத்திருந்து செய்த மாற்றத்துக்கே அந்தக் கதி. ஒரு சொல்லை மொழி எடுத்துக்கொண்டால், உலகில் அந்தச் சொல்லைப் பெயராக வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் அதைப் பறிக்கிறது.

உருவாக்கப்பட்ட கோப்பைத் திருத்துவது

நிரலை வாசித்துப் பிரிக்கும் பாகுபடுத்தியின் சி கோப்பு, மொழியின் விதிகள் எழுதப்பட்ட இலக்கணக் கோப்பிலிருந்து தானாகப் பிறக்கிறது. இலக்கணக் கோப்பைத் திருத்துங்கள்.

காரணம் தெரியாத வரியை அழிப்பது

பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தன்னோடு வைத்திருக்கிறது. பிடிப்பவர் ‘இன்க்ரெஃப்’ என்று ஒன்றைக் கூட்டுவார். விடுபவர் ‘டெக்ரெஃப்’ என்று ஒன்றைக் குறைப்பார். எண்ணிக்கை பூச்சியமானால் பொருள் அழிக்கப்படும். உள்துறைமுகத்தில் ஒரு படகைப் பலர் கயிறு போட்டுக் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கயிறும் அவிழ்ந்தால் படகு போய்விடும். மூலநிரலில் பல இடங்களில் நமக்குக் கிடைப்பது இரவல் ரெஃபரன்ஸ். அதாவது, நம் கயிற்றைக் கட்டாமல், பொருளை வைத்திருக்கும் பட்டியல் கட்டிய கயிற்றை நம்பிப் படகில் ஏறியிருக்கிறோம்.

மாணவி பார்த்துக்கொண்டிருந்தது 3.12 பதிப்பின் பட்டியல் கோப்பு. ஒரு பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று தேடும் சுற்றில் நான்கே வேலைகள்: பொருளை எடு, இன்க்ரெஃப் செய், ஒப்பிடு, டெக்ரெஃப் செய். கூட்டி உடனே குறைப்பதால் நடுவில் இருக்கும் ஒப்பீட்டுக்கு இது எதற்கு என்று தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அந்த ஒப்பீடு சாதாரண வேலை அல்ல. பொருளின் வகுப்பில் சமன் ஒப்பீட்டை யாராவது பைத்தானில் எழுதியிருந்தால், அவருடைய நிரல் முழுவதும் அந்த நொடியில் ஓடும். அது எதையும் செய்யலாம். நாம் தேடிக்கொண்டிருக்கும் பட்டியலையே காலி செய்யலாம். பட்டியல் தன் கயிற்றை அவிழ்த்துவிட்டால், நாம் கையில் வைத்திருக்கும் பொருள் அழிந்துபோகும். 2019இல் பதிவான 38588ஆம் இலக்க முறைப்பாடு இதைப் பற்றியதுதான். பட்டியலிலும் அகராதியிலும் (பைத்தானின் ‘டிக்ட்’) இந்தப் பாதுகாப்பு இல்லாத இடங்களில் பைத்தான் அப்படியே விழுந்தது. அந்த வரிகள் அங்கே வந்ததற்கு அதுதான் காரணம்.

எனக்கு இது தெரியவந்த விதம் கசப்பானது. என் சொந்தப் பிரதியில் இதுபோன்ற ஒரு சோடி வரியை அழித்திருந்தேன். நான் எழுதிய சிறு சோதனைகள் எல்லாம் தேறின. அந்தப் பிரதியிலேயே, தெரிந்த மீன் வியாபாரி ஒருவருக்கு எழுதிய கணக்கு நிரலையும் ஓடவிட்டேன். அதில் ஒரு பதிவை இன்னொன்றோடு ஒப்பிடும்போது பழைய பதிவுகளைக் கழித்துவிடும் ஏற்பாடு இருந்தது. வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ நிரல் காரணம் சொல்லாமல் விழும். ஒருநாள் கூட்டல் போடும்போது விழும், மறுநாள் கோப்பைச் சேமிக்கும்போது விழும். அது 2022. ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத காலம். மின்வெட்டில் கணினி பழுதாகிவிட்டது என்றே நம்பினேன். ரூபாய் சரிந்து கிடந்த அந்த நேரத்தில் காசு கொடுத்துப் புதிய ராம் வாங்கிப் போட்டேன். நிரல் மறுபடியும் விழுந்தது. அந்த மனிதர் விடியற்காலையில் படகுகள் வந்து நிற்க, கொப்பியில் கணக்கு எழுதிக்கொண்டு நின்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

இந்த வழுவின் கொடுமை இதுதான்: தவறு செய்த இடத்தில் அது விழாது. அழிந்த பொருள் இருந்த நினைவக இடம், வேறு பொருள் வந்து குடியேறும் வரை பழைய உருவத்தோடே இருக்கும். வாசித்தால் சரியாகவே தெரியும். குடியேறிய பிறகு, சம்பந்தமே இல்லாத இடத்தில் வெடிக்கும். ஆகவே மூலநிரலில் வேலை செய்யும்போது பைத்தானை டிபக் (வழு தேடும்) முறையில் கம்பைல் செய்து வைத்திருங்கள். அதில் விடுவிக்கப்பட்ட நினைவகம் ‘டிடி’ (DD) என்ற ஒரே மதிப்புள்ள பைட்டால் நிரப்பப்படும். பழைய உருவம் ஏமாற்றாது, பெரும்பாலும் அங்கேயே விழும்.

ஒரு வரி தேவையில்லை என்று தோன்றினால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் ‘கிட் பிளேம்’ கட்டளையை முதலில் ஓட்டுங்கள். அந்த வரி எந்த மாற்றத்தோடு வந்தது என்று பாருங்கள். முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் போய் முழுவதையும் வாசியுங்கள். சனிக்கிழமை மாணவியை அதைத்தான் செய்யச் சொன்னேன். அரை மணி நேரம் வாசித்தாள். பிறகு பத்து வரியில் ஒரு வகுப்பு எழுதினாள். அதன் சமன் ஒப்பீடு பட்டியலைக் காலி செய்துவிட்டு, எனக்குத் தெரியாது, மற்றப் பொருளைக் கேள் என்று திருப்பும். மற்றப் பொருளிடம் போகும்போது முதல் பொருள் உயிரோடு இல்லை. ஓட்டினாள். ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று பைத்தான் அப்படியே விழுந்தது. இரண்டு வரிகளையும் திரும்பப் போட்டு மறுபடி ஓட்டினாள். ‘ஃபால்ஸ்’, அதாவது பட்டியலில் இல்லை, என்று அமைதியாகப் பதில் வந்தது.

2024இல் வந்த 3.13இல், பட்டியலிலிருந்து எடுக்கும்போதே சொந்தக் கயிற்றைக் கட்டிக் கொடுக்கும் புதிய செயற்பாடு இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் அதையே பயன்படுத்துங்கள். பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடும் பதிப்பில் இரவல் இன்னும் ஆபத்தானது.

கோப்பு முழுவதையும் அழகுபடுத்துவது

வேண்டாம். அடுத்தவர் பிளேம் ஓட்டும்போது ஒவ்வொரு வரியிலும் உங்கள் பெயர்தான் வரும், காரணம் வராது.

தமிழுக்காக மொழியை வளைப்பது

இது நல்ல மனதோடு செய்யப்படும் தவறு. ‘கொட்டியாரம்’ என்ற சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் 6. பைத்தான் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணி 11 என்று சொல்லும். முதல் எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியாக அல்லாமல் தனித்தனிக் குறிகளாகப் பதிந்திருந்தால் 12. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் சரங்களாக (எழுத்துத் தொடர்களாக) ஒப்பிட்டால் சமன் இல்லை. கிண்ணியாவிலிருந்து வரும் தம்பி ஒருவன் சர ஒப்பீட்டையே மாற்றி இரண்டையும் சமமாக்கப் பார்த்தான். சமன் மாறினால், அகராதி பொருளைத் தேடப் பயன்படுத்தும் ஹாஷ் எண்ணும் மாற வேண்டும். அகராதிகள், கோப்புப் பெயர்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாம் அதில் தொங்குகின்றன. மாறிப் பெயர்களுக்கு மட்டும் பைத்தான் தானே இரண்டு பதிவையும் ஒன்றாக்கும் இந்த இயல்பாக்கத்தைச் செய்கிறது. சரங்களுக்கு ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ இருக்கிறது. உள்ளே வரும் தரவை வாசலிலேயே அதில் போட்டு எடுங்கள்.

தமிழ் தெரிந்தவர் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு இருக்கிறது. நிரலைப் பாகுபடுத்திக் கிடைக்கும் மரத்தில், ஒவ்வொரு பகுதியும் வரியில் எங்கே இருக்கிறது என்ற இடக்கணக்கு யூடிஎஃப்-8 பைட்டுகளில் வைக்கப்படுகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். பிழையைக் காட்டும்போது அதைக் குறிகளின் எண்ணிக்கைக்கு மாற்ற யாராவது மறந்தால், ஆங்கிலப் பெயர்களோடு செய்த சோதனையில் அது தெரியவே தெரியாது. தமிழில் ஒரு மாறிப் பெயர் இருந்தால் அம்புக்குறி வலப்பக்கம் ஓடிப்போய் நிற்கும். அப்படி ஒரு சோதனையை எழுதிச் சேர்த்தால், அந்த வழியாக வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது பிடிக்கும். தம்பி இப்போது அதில்தான் இருக்கிறான்.

ஒரே பேட்ச்சில் (அனுப்பும் மாற்றத்தில்) இரண்டு வேலை

பிரித்து அனுப்புங்கள்.