படபடப்பைத் தணிக்கப் பாட்டை அடுக்குவது எப்படி?

படபடப்பாக இருக்கும்போது எடுத்த எடுப்பில் மெதுவான பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். மனம் ஓடும் வேகத்திலேயே தொடங்குங்கள்: முதல் பாட்டு நிமிடத்துக்கு 100 தட்டு, அடுத்தது 80, கடைசி இரண்டு மூன்று 60 அளவில். வேகம் தெரியாவிட்டால் 15 விநாடி தொடையில் தட்டி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். தாளம் தணியத் தணிய மூச்சையும் அதோடு நிதானமாக்குங்கள். வெளிமூச்சு நீண்டால் நாடித்துடிப்பு இறங்கும். மொத்தம் 30 நிமிடம் போதும்.

வரிகள் உள்ள பாட்டு வேண்டாம், மூளை சொற்களின் பின்னாலேயே ஓடும். வாத்திய இசைதான் சரி. அதிலும் திடீரென உச்சத்துக்கு ஏறுவதைத் தள்ளுங்கள். திடுக்கிட்டால் இதயம் மறுபடி வேகமெடுக்கும். ஒலி, பக்கத்தில் பேசுவது கேட்கும் அளவு. நடுவே விளம்பரம் கத்தாதபடி முன்பே தரவிறக்கி வையுங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது அங்கேதான்.