பண்ணையில மனுசனுக்கும் தொத்துற வைரஸ் இருக்கான்னு பாக்குறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மாடு நல்லா தின்னுது, அசை போடுது, அப்புறம் என்னத்துக்கு டெஸ்ட்டுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்துக்கு வந்தா லேசா மூக்கு ஒழுகும், அவ்ளோதான், அதுவே மனுசனுக்கு வந்து ஆஸ்பத்திரில கண்டுபிடிச்ச கேஸ்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் செத்துப்போயிருக்காங்க. கிரிமியன் காங்கோ காய்ச்சல் வைரஸ் ஆடு மாட்டு ரத்தத்துல சில நாள் இருந்துட்டு சத்தமில்லாம போயிடும், வெளிய ஒண்ணுமே தெரியாது. அதனால சீக்கு வந்ததை கவனிக்கிறது ஒரு வேலை, நல்லா இருக்கறதுலயும் சாம்பிள் எடுத்துப் பாக்குறது இன்னொரு வேலை, ரெண்டும் வேணும்.

ஸ்டெப் 1: எதைத் தேடுறோம்னு முடிவு பண்ணுங்க

எல்லா வைரஸையும் எல்லா மிருகத்துலயும் தேட முடியாது, காசும் பத்தாது. கோழி வாத்துன்னா பறவைக் காய்ச்சல். பன்னின்னா இன்ஃப்ளூயன்சா, நிபா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். செம்மறி ஆடு, மாடுன்னா ரிஃப்ட் வேலி காய்ச்சல், காங்கோ காய்ச்சல், இப்ப கறவை மாட்டுக்கு எச்5என்1-ம் (அதே பறவைக் காய்ச்சல் வைரஸ்ல ஒரு வகை) சேர்ந்துடுச்சு. இதுல உங்க பகுதியில எது வர வாய்ப்பு இருக்குன்னு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு மூணை மட்டும் எடுத்துக்கோங்க.

அப்படியே பண்ணையை ஒரு சுத்து சுத்தி வாங்க. காட்டு வாத்து இறங்குற குட்டை இருக்கா, கொசு முட்டையிடுற தண்ணி தேங்குதா, உண்ணி இருக்கா, கொட்டகைக்கு மேல பழ மரம் இருக்கா? 1998-99ல மலேசியாவுல நிபா வந்த கதை இந்த மரத்துலதான் ஆரம்பிச்சுது, பன்னிக் கொட்டகை பக்கத்துலயே பழ மரம், அதுல பழந்தின்னி வௌவால், அது கடிச்சுப் போட்ட பழம் கீழ விழுந்து பன்னிக்குப் போயிருக்கும்னு சொல்றாங்க. 100 பேருக்கு மேல செத்தாங்க, பத்து லட்சம் பன்னி கிட்ட அழிச்சாங்க. முதல்ல அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு நெனச்சு கொசு மருந்து அடிச்சிட்டு இருந்தாங்கங்கறதுதான் இன்னும் கொடுமை.

ஸ்டெப் 2: நோட்டு போடுங்க

என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், செலவும் கிடையாது. தினம் எவ்ளோ பால், எவ்ளோ தீவனம் மிச்சம், எத்தனை செத்துது, எது சினை வீசுச்சு, புதுசா எந்த மிருகம் உள்ள வந்துச்சு, இவ்ளோதான் எழுதணும். வழக்கமா எப்படின்னு தெரிஞ்சாத்தானே மாறுனது தெரியும்!

2024ல அமெரிக்காவுல கறவை மாட்டுல எச்5என்1 மாட்டுனது எப்படி தெரியுமா, பால் திடீர்னு குறைஞ்சுது, வந்த பாலும் சீம்பால் மாதிரி கெட்டியா மஞ்சளா இருந்துச்சு, தீவனமும் சரியா எடுக்கல, பண்ணையில அந்தப் பாலைக் குடிச்ச பூனைங்க செத்துது. அதனால பூனை, காக்கா செத்துக் கிடந்தாலும் நோட்டுல ஏத்துங்க. அதே மாதிரி பெரிய மழைக்கு அப்புறம் சினை ஆடு வரிசையா குட்டி வீசுனா ரிஃப்ட் வேலியா இருக்கலாம், அந்தக் குட்டியையோ நஞ்சுக்கொடியையோ வெறுங்கையால தொடாதீங்க.

எவ்ளோ குறைஞ்சா, எத்தனை செத்தா போன் போடணும்னு டாக்டரோட பேசி முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க, அந்த நேரத்துல யோசிச்சா நாளைக்குப் பாப்போம்னுதான் தோணும்.

ஸ்டெப் 3: எத்தனைல சாம்பிள்?

பெரிய மந்தையில 100க்கு 5 மிருகத்துக்கு வைரஸ் இருந்தா அதுல ஒண்ணையாவது 95 சதவீத உறுதியோட பிடிக்க 59 மிருகம் பாக்கணும். 100க்கு 10ன்னா 29 போதும். 100க்கு ஒண்ணுதான்னா 299 வேணும். மந்தை சின்னதுன்னா இன்னும் கம்மி. ஆனா இது குலுக்கிப் போட்ட மாதிரி எடுத்தாத்தான் செல்லும், கைக்கு சுலபமா மாட்டுற சாதுவான மாட்டையே பிடிச்சா கணக்கு காலி.

ஸ்டெப் 4: சாம்பிள் எடுக்கறது

கிளவுஸ், என்95 மாஸ்க், கண்ணாடி, பூட்ஸ் இல்லாம இறங்காதீங்க. கோழிக்கு தொண்டையிலயும் ஆசனவாய்லயும் ஸ்வாப் (சாம்பிள் துடைச்சு எடுக்கிற குச்சி), மாட்டுக்கு எச்5என்1 பாக்கணும்னா பால், மத்தபடி மூக்கு ஸ்வாப், ரத்தம். பன்னிக்கு ஒரு சூப்பர் வழி இருக்கு, பஞ்சுக் கயிறை கொட்டகையில தொங்க விட்டா அதுங்களே வந்து மெல்லும், 20-30 நிமிஷம் கழிச்சு கயிறைப் பிழிஞ்சு எச்சிலை எடுத்துக்கலாம், ஒரு பன்னியையும் பிடிச்சு அமுக்க வேண்டாம். ஸ்வாப் பாலியெஸ்டர் முனை உள்ளதா வாங்குங்க, மரக்குச்சில பஞ்சு சுத்துனது பிசிஆரை, அதாவது வைரஸோட மரபணுவைத் தேடுற லேப் டெஸ்ட்டைக் கெடுக்கும்.

எடுத்த உடனே லேபிள். அப்புறம் 4 டிகிரி குளிர்ல வச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள லேபுக்கு. வீட்டு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல போடவே போடாதீங்க, நாள் கணக்குல வைக்கணும்னா மைனஸ் 70 வேணும். கசியாத டியூப், அதுக்கு மேல கசியாத இன்னொரு டப்பா, அதுக்கு மேல கெட்டியான பெட்டின்னு மூணு அடுக்கா பேக் பண்ணணும்.

ஒண்ணு மறந்துடாதீங்க, திடீர்னு செத்து வாய் மூக்குல ரத்தம் வடியற மிருகத்தை அறுத்துப் பாக்கக்கூடாது. அது ஆந்த்ராக்ஸா இருக்கலாம், வைரஸ் இல்ல பாக்டீரியாதான், ஆனா அறுத்தா அந்த மண்ணுல பல வருஷம் உக்காந்துக்கும்.

ஸ்டெப் 5: ரிசல்ட்டு

பிசிஆர் பாசிட்டிவ்னா வைரஸ் இப்ப இருக்கு, இல்ல சமீபத்துல இருந்திருக்கு. எலிசாங்கறது ரத்தத்துல வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருக்கான்னு பாக்குற டெஸ்ட், அது பாசிட்டிவ்னா எப்பவோ வந்து போயிருக்கு, இல்ல தடுப்பூசி போட்டது, குட்டின்னா தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பாவும் இருக்கலாம். சந்தேகம்னா ரெண்டு மூணு வாரம் கழிச்சு அதே மிருகத்துல மறுபடி ரத்தம் எடுங்க, அளவு ஏறியிருந்தா சமீபத்துல வந்தது.

பிசிஆர் பாசிட்டிவ்னு வந்துட்டா வித்துத் தள்ளலாம்னு நெனைக்காதீங்க, உள்ள வர்றது வெளிய போறது எல்லாத்தையும் நிறுத்திட்டு அரசு கால்நடைத் துறைக்கு சொல்லுங்க. பச்சைப் பாலை பூனைக்கும் கன்னுக்கும் கூட ஊத்தாதீங்க, பாஸ்ச்சரைஸ் பண்ணா, அதாவது பாலைச் சரியான அளவு சூடாக்கி கிருமியைக் கொன்னா, எச்5என்1 செத்துடும். இன்ஃப்ளூயன்சான்னா கொட்டகையில வேலை பாத்தவங்களை 10 நாள் கவனிக்கணும், காய்ச்சல் இருமல் மட்டும் இல்ல, அமெரிக்கப் பண்ணை ஆளுங்கள்ல நிறைய பேருக்கு கண்ணு சிவந்ததுதான் அறிகுறியே. யாருக்காவது அப்படி ஆச்சுன்னா டாக்டர்கிட்ட போன உடனே எந்த மிருகத்தோட வேலை பாக்குறேன், பண்ணையில டெஸ்ட் என்ன வந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க, சொல்லலன்னா சாதா கண்வலின்னு சொட்டு மருந்து குடுத்து அனுப்பிடுவாங்க.