பத்து காஜாவில் ஒரு நாள்: பசாரில் பசியாறி தஞ்சோங் துவாலாங்கில் இறால் சாப்பிடுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பத்து காஜாவுக்கு ரயிலில் போவோருக்கு முதல் வேலை, திரும்பும் டிக்கெட். எல்லா இடிஎஸ் விரைவு ரயிலும் பத்து காஜாவில் நிற்பதில்லை. மாலை ரயிலுக்கு, ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் டிக்கெட் எடுத்துவிட்டு, அதற்கேற்ப நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையமும் ஊருக்குள் இல்லை. பசாருக்குக் கார் பிடிக்க வேண்டும்.

பசாருக்கு 10 மணிக்கு முன் போய்விடுங்கள். தேங்காய்ப்பூ, பழுப்புச் சீனியோடு சூடான புட்டு மாயாம் (இடியாப்பம்) சாப்பிடுங்கள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) ஒரு பொட்டலம் போதும், மதியத்துக்கு வயிறு வேண்டும்.

பலரும் சிக்குவது அடுத்த கட்டத்தில்தான். பார்க்க வேண்டியவை இரண்டு: கெல்லி கோட்டை கோப்பேங் சாலையில்; ஈயக் கப்பல், அதாவது குட்டையில் மிதந்தபடி வெள்ளீய மணலைத் தோண்டியெடுத்த பழைய இயந்திரம், தெற்கே தஞ்சோங் துவாலாங் சாலையில். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஊர்ப்பக்கம் திரும்பி வரவேண்டும். கிராப் வாடகைக் காரில் கோட்டைக்குப் போய்விடலாம். திரும்புவதற்குத்தான் கார் கிடைக்காமல் வெயிலில் நிற்க நேரும். அதனால் ஊரிலேயே ஒரு காரை அரைநாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரமும் அந்த விலையில் சேருமா என்று ஏறும் முன்பே கேளுங்கள். நான்கு பேர் பங்கு போட்டால் இதுதான் நல்ல வழி.

கோட்டைக்குப் போகும் முன், அதன் அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுங்கள். நடை மதியம் சாத்திவிடுவார்கள், வரிசையை மாற்றினால் கோயில் போச்சு. தோட்டத்தில் கொள்ளைநோயில் ஆட்கள் மடிந்தபோது, தொழிலாளர்கள் கேட்டு, கோட்டையைக் கட்டிய ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டித்தந்தது என்பார்கள். மேலே சிலைகளுக்கு நடுவே தொப்பியணிந்த வெள்ளைக்காரத் துரை உருவம் இருக்கும், தேடிப் பாருங்கள். 1915-இல் தொடங்கிய கோட்டை, 1926-இல் துரை லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றது. பேய்க்கதைக்காக மட்டும் போகாதீர்கள். அந்தச் செங்கல் சுவர்களை எழுப்பியவர்கள் நம் ஆட்கள், அதை நினைத்துக்கொண்டு சுற்றுங்கள். மொட்டைமாடியில் நிழல் கிடையாது, குடை அவசியம்.

ஈயக் கப்பல் 1938-இல் கட்டியது, 1982 வரை ஓடியது. எடை 4,500 டன். வாளிச் சங்கிலி குட்டையின் அடிமண்ணை வாரி மேலே கொட்டும். தண்ணீர் மணலை அடித்துப் போக, கனமான ஈயமணல் அடியில் தங்கும். மேலே ஏற விடுகிறார்களா என்று கிளம்பும் முன்பே விசாரியுங்கள். இரும்புப் படிகளுக்குச் சிலிப்பர் வேண்டாம்.

கடைசியாக தஞ்சோங் துவாலாங்கில் உடாங் காலா, அதாவது பெரிய நன்னீர் இறால். விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று கேட்டு, கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். தலையும் கொடுக்கும் போக எடையில் பாதிகூடச் சதை தேறாது. அதையும் கணக்கில் வையுங்கள். தலை தொளதொளவென்று ஆடினால் பழசு, வேண்டாம். அதிகம் வெந்தால் சதை மாவாகிவிடும், அதனால் கறியைவிட ஆவியில் வேகவைத்ததே என் தேர்வு.

பின்சேர்க்கை: வயதானவர்களை அழைத்துப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கோட்டையில் மின்தூக்கிக்கு விட்ட குழி உண்டு, மின்தூக்கி கிடையாது. படிகள் குறுகல். அவர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்தி, கோயிலில் கூடுதல் நேரம் உட்கார வையுங்கள்.